தேவானந்தம் வாங்கிய கையெழுத்துகள்

வேலூர் கோர்ட் பக்கம் போய் ஒரு வக்கீல் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்த ஊர்க்காரர், என்ன கேஸ் பார்ப்பவர் என்று நூறு கேள்வி வரும். குமாஸ்தா தேவானந்தம் என்று சொன்னால் போதும், டீக்கடைக்காரர் முதல் டவாலி வரை நேராகக் கை நீட்டிக் காட்டுவார்கள். முழுக்கை வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா, அக்குளில் கேஸ் கட்டு, பாதி ஓட்டமான நடை. வேலாயுதம் என்ற ஒரே வக்கீலிடம் முப்பத்தொரு வருடம். நடுவில் இரண்டு பேர் கூடுதல் சம்பளம் தருகிறேன் என்று கூப்பிட்டும் போகவில்லை. இதை அவரே வலியச் சொல்லிக் காட்டுவார். கேட்கிறவர் கொட்டாவி விட்டாலும் கதையை முடிக்காமல் விடமாட்டார்.

அவருடைய அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சுண்ணாம்பு தின்ற கால் விரல் இடுக்குகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, யாரிடமும் பேசாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். மகன் அந்தத் தொட்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று, பத்தாவது முடித்த கையோடு டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டார். தேவானந்தம் நிழலில் உட்கார்ந்து செய்யும் ஒரு வேலைக்குப் போனதே அந்த வீட்டுக்குப் பெரிய காரியம். வக்கீல் ஆபீசில் தொழிலாளி கேஸ் என்று யார் படியேறி வந்தாலும், தேவானந்தத்தின் கண் முதலில் வந்தவரின் காலுக்குத்தான் போகும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பெயரே கேட்பார்.

அவர் நல்லவர். இதை இப்போதே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கேஸ் கொடுக்க வருகிறவரிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே, மனு அடிக்கும் பச்சைத் தாள் நான்கைந்தை எடுத்து, ஒன்றும் எழுதாமலே, அடியில் ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார். சட்டப்படி இது கூடாது. கூடாது என்று அவருக்கும் தெரியும், வக்கீலுக்கும் தெரியும். ஆனால் ஒரு நகல் மனுவுக்கும் வாய்தா மனுவுக்கும் மாதனூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் ஒரு பெண்பிள்ளை வேலையை விட்டுவிட்டு வேலூர் வரை வந்தால் அன்றைய கூலி போச்சு. அடுத்த நாள் அவள் மிஷினில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அதனால் தேவானந்தம் தாளை நீட்டி எப்போதும் ஒரே வசனத்தைச் சொல்லுவார்.

"வெறும் பேப்பர்தாம்மா. உங்களுக்கு அலைச்சல் மிச்சம்."

அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தாள்களை ஆளுக்கொரு கவரில் போட்டு, பெயர் எழுதி, ஸ்டீல் பீரோவின் கீழ்த் தட்டில் பூட்டி வைப்பார். கேஸ் முடிந்ததும் மீந்த தாள்களை அந்த ஆள் கண் முன்னாலேயே கிழித்துப் போடுவார். முப்பது வருடத்தில் ஒரு தாள்கூட வேறு காரியத்துக்குப் போனதில்லை. தான் செய்வது தப்பில்லை என்பதற்கு அவர் மனசுக்குள் வைத்திருந்த சாட்சி அந்த முப்பது வருடம்தான்.

முத்துமாரி வந்தது ஒரு மழை நாளில். மாதனூர் பக்கத்துக் கிராமம். ஷூ கம்பெனியில் பன்னிரண்டு வருடம் தையல் மிஷினில் இருந்தவள். ஒரு நாள் சாயங்காலம் கேட்டில் பை சோதனை செய்தபோது அவளுடைய சாப்பாட்டுப் பையில் இரண்டு ஜோடி அப்பர் இருந்தது. ஷூவின் மேல்பாகத்துக்குத் தைத்து வைத்த தோலுக்கு அங்கே அப்பர் என்று பெயர். பையில் அதை யார் வைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதற்கு ஒரு மாதம் முன்பு, பெண்களிடம் கண்டபடி பேசுகிற சூப்பர்வைசர் மேல் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். விசாரணை என்று பேருக்கு ஒன்று நடத்தி வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதோடு விடவில்லை. அவள் பெயரைப் போட்டு, திருட்டுக் குற்றத்துக்காக நீக்கப்பட்டார் என்று எழுதி, கேண்டீன் பக்கத்து போர்டில் ஒட்டினார்கள்.

"பணம் கெடச்சாலும் வேணாம்ணா," என்றாள் தேவானந்தத்திடம். "அந்த போர்டுல எழுதினது பொய்னு ஒரு பேப்பர் வேணும். அதே கம்பெனி பஸ்ல நான் திரும்ப ஏறணும். பஸ்ஸு தெனமும் எங்க வீட்டு எதிர்லதான் நிக்குது. அது போற வரைக்கும் நான் உள்ளயே உக்காந்துக்கினு இருக்கேன்."

தேவானந்தம் நாற்காலியை இழுத்துப் போட்டார். வக்காலத்து வாங்கினார். பச்சைத் தாளையும் நீட்டினார். அவள் மற்றவர்கள் மாதிரி உடனே போடவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல இன்னா எழுதுவீங்கண்ணா?"

"வாய்தா மனு, நகல் மனு, இந்த மாதிரிதாம்மா. வெறும் பேப்பர்தான். நீ இப்ப எங்க வேல செய்யற?"

"ஒரு சின்ன யூனிட்ல, பீஸ் கணக்குல."

"அப்ப ஒரு நாள் லீவு போட்டா அவன் வேற ஆள வெச்சுக்குவான். உனக்கு அலைச்சல் மிச்சம்."

அவள் மூக்கு தாளில் படுகிற மாதிரி குனிந்து, மு. முத்துமாரி என்று ஒவ்வொரு எழுத்தாக, நான்கு தாளிலும் எழுதினாள். படிக்கும் பிள்ளை போல் அழகான கையெழுத்து. தேவானந்தம் கவரில் போட்டுப் பூட்டினார். கேஸ் நான்கு வருடம் நடந்தது. இரண்டு தாள் நகல் மனுவுக்கும் வாய்தாவுக்கும் போயிற்று. இரண்டு தாள் மிச்சம் இருந்தது.

வக்கீல் வேலாயுதத்தைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அப்படிச் சொல்ல முடியாது. இருபது இருபத்தைந்து வருடம் கூலிக்காரர்களுக்காகவே கறுப்புக் கோட்டு மாட்டியவர். நிர்வாகத்து ஆட்கள் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தபோது கூடையைத் தெருவில் வைத்துவிட்டுப் பேசச் சொன்னவர். தேவானந்தத்தின் மனைவி ஜெபகனிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்த அன்று, இரண்டு கேஸை வாய்தா வாங்கிவிட்டு வந்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தேவானந்தத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். அந்தப் பெஞ்சைத் தேவானந்தம் கடைசி வரை மறக்கவில்லை. மறந்திருந்தால் அவருக்கு நல்லதாகப் போயிருக்கும்.

அறுபது வயது ஆனதும் வேலாயுதத்துக்கு ஓர் அலுப்பு வந்தது. தன்னோடு படித்தவனெல்லாம் பெரிய பெரிய கம்பெனிக்கு ஆலோசகராகக் காரில் போகிறான், நான் மட்டும் பீஸ் ரேட் ஆட்களோடு பேஜார் பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அடிக்கடி சொல்லத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து, முத்துமாரியை நீக்கிய அதே கம்பெனி அவரைச் சட்ட ஆலோசகராகக் கூப்பிட்டது. ஒரு கட்சிக்காரருக்காக நிற்கிற வக்கீல் எதிர்த் தரப்போடு கை கோக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. கேஸ் இருந்தால்தானே எதிர்த் தரப்பு, கேஸை முடித்துவிட்டால் ஒன்றுமில்லையே என்று அவருக்குத் தோன்றியது. புத்திசாலிக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும்.

"தேவா, அந்த மாதனூர் பொண்ணோட பேப்பர் ஒண்ணு எடு," என்றார் ஒரு நாள் மத்தியானம்.

தேவானந்தம் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. முப்பது வருடத்தில் கேட்டதில்லை.

டைப் அடித்தது ஹீனா. அந்த ஆபீசில் மூன்று வருடமாக இருந்த பெண். கையெழுத்துக்கு மேலே சரியாக வந்து முடிகிற மாதிரி வரிகளை எண்ணி அடிப்பதில் கெட்டிக்காரி. அடித்து முடித்துத் தாளை எடுத்தவள் வக்கீல் அறைக்குப் போகவில்லை, தேவானந்தத்தின் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணா, இத படிச்சீங்களா?"

படித்தார். தொழிலாளியாகிய நான் செய்த தவறை உணர்ந்து வருந்துகிறேன், என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், நிர்வாகம் கருணையோடு தரும் தொகையை முழுமையாக ஏற்றுக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்கிறேன். அதன் கீழே, மு. முத்துமாரி.

தேவானந்தம் தாளை அவளிடமே நீட்டினார். "சார் கேட்டிருப்பார்மா," என்றார்.

"அந்தக்கா கிட்டயா?"

ஹீனா தாளை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அவர் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுத்தார். ஹீனா இரண்டு மாதத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். வயதில் அவருக்கு மகள் மாதிரி. அவளுக்கு இருந்த ரோஷம் இவருக்கு இல்லாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஒரு சனிக்கிழமை மக்கள் நீதிமன்றத்தில் கேஸ் எடுத்துக்கொண்டார்கள். சமரசமாகப் போகிற கேஸ்களை ஒரே நாளில் முடிக்கிற இடம் அது. ஒவ்வொரு மேஜைக்கும் அறுபது எழுபது கட்டு. நடுவில் உட்கார்ந்திருந்த நீதிபதி வயதானவர், கவனமானவர். கையெழுத்தைப் பார்த்தார், ஆளைத் தேடினார்.

"மனுதாரர் எங்கே?"

"கொழந்தைக்கு ஜுரம், ஐயா. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டாங்க," என்றார் வேலாயுதம். "கையெழுத்து வாங்கினது எங்க குமாஸ்தா. சாட்சிக் கையெழுத்தும் அவரோடதுதான்."

நீதிபதி மூக்குக் கண்ணாடியை இறக்கித் தேவானந்தத்தைப் பார்த்தார். "இவங்க உங்க முன்னாடிதான் கையெழுத்துப் போட்டாங்களா?"

யோசித்துப் பாருங்கள். அவர் முன்னாடிதான் போட்டாள். மூக்கு தாளில் படக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக. அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

"ஆமாங்க ஐயா."

நீதிபதி தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த கட்டை எடுத்தார். அங்கே முடிந்தது முடிந்ததுதான், அப்பீல் கிடையாது. அதுவும் தேவானந்தத்துக்குத் தெரியும். அடுத்த நாள் ஞாயிறு, ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிற முறை அவருடையது. தொண்டை சரியில்லை என்று ஜெபகனியிடம் சொல்லிவிட்டுக் கோயிலுக்கே போகவில்லை.

முத்துமாரி மாதம் ஒரு தரம் போன் செய்வாள். "அண்ணா, கேஸு இன்னா ஆச்சு?" என்பாள். "வாய்தாதாம்மா," என்பார். மூன்று தரம் அப்படிச் சொன்னார். மூன்றாவது தரம் அவள், "உங்களத்தான் நம்பிக்கினு இருக்கேன்ணா," என்று சொல்லி வைத்தாள். செல்போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பசி கிடந்தாரே தவிர உண்மையைச் சொல்லவில்லை.

உண்மையை அவளுக்குச் சொன்னது கம்பெனி கேட்டில் இருந்த செக்யூரிட்டி. பழைய தோழியைப் பார்க்கப் போனவளை நிறுத்தி, "நீதான் தப்ப ஒத்துக்கிட்டு எழுதி குடுத்துட்டியே, இன்னும் இன்னாத்துக்கு இங்க வர்ற?" என்றான். மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் அதே பேச்சு. நான்கு வருடமாகச் சந்தேகப்பட்டவர்கள் அன்றோடு சந்தேகத்தை விட்டார்கள். அவளே எழுதிக் கொடுத்த பிறகு இன்னும் என்ன சந்தேகம்?

அவள் நேராக ஆபீசுக்கு வந்தாள். வேலாயுதம் மேஜை டிராயரிலிருந்து அவள் பெயருக்கு வந்த செக்கை எடுத்து முன்னால் நகர்த்தினார். "உன் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன். ஜெயிக்கற கேஸ் இல்ல அது. இத வெச்சு ஒரு மிஷின் வாங்கிப் போட்டு வூட்லயே தைக்கலாம்," என்றார். அவள் செக்கைத் தொடவில்லை. வக்கீலைக்கூட அதிகம் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற தேவானந்தத்தைத்தான் பார்த்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதாண்ணா போட்டேன்."

சத்தம் போட்டிருந்தால் தேவலை. சாபம் விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் அதைச் சொன்ன தொனியில் கோபம் கம்மியாகவும் ஆச்சரியம் ஜாஸ்தியாகவும் இருந்தது. அது அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு வக்கீல் மேல் கேஸ் போட இன்னொரு வக்கீல் முன்வரவில்லை. எல்லோருக்கும் வேலாயுதம் சீனியர், அல்லது தோஸ்த், அல்லது எதிர் அறைக்காரர். முத்துமாரி தானே உட்கார்ந்து, அதே அழகான கையெழுத்தில் நான்கு பக்கம் எழுதி, சென்னையில் வக்கீல்களின் நடத்தையை விசாரிக்கிற குழுவுக்கு அனுப்பினாள். ஒரு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தது. வேலாயுதத்தின் முகம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெளுத்தது. தப்பு நிரூபணமானால் கறுப்புக் கோட்டைக் கழற்ற வேண்டும்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், கோர்ட் முடிந்து வந்தவர் தேவானந்தத்தின் மேஜையில் இரண்டு பச்சைத் தாளை வைத்தார்.

"என் சார்பா நீ ஒரு வாக்குமூலம் தரணும் தேவா. மெட்ராஸ்ல நம்ம வக்கீல் இருக்கார், அவரே விவரமா அடிச்சுக்குவார். நீ அடியில கையெழுத்து மட்டும் போட்டு வை. வெறும் பேப்பர்தான். உனக்கு அலைச்சல் மிச்சம்."

தேவானந்தம் நிமிர்ந்து பார்த்தார். வேலாயுதம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தான் யாருடைய வசனத்தைச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்த மாதிரியே இல்லை. இருந்தும் இந்த மனுஷர் போட்டாரா என்று கேட்காதீர்கள். போட்டார். ஆஸ்பத்திரி பெஞ்ச் ஞாபகம் வந்தது, முப்பத்தொரு வருடம் ஞாபகம் வந்தது, சார் என்னைக் கைவிடமாட்டார் என்ற நினைப்பு வந்தது. முத்துமாரிக்கு அன்றைக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்ததோ அவ்வளவு நம்பிக்கை இவருக்கும் இருந்தது. பாக்கெட்டிலிருந்த மூன்று பேனாவில் நன்றாக எழுதுகிற ஒன்றாகப் பார்த்து எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை நாளன்று காட்பாடியில் காலை ரயில் பிடித்துச் சென்னைக்குப் போனார். நீள மேஜைக்குப் பின்னால் மூன்று மூத்த வக்கீல்கள். ஒரு பக்கம் வேலாயுதமும் அவருக்காக வாதாட வந்த வக்கீலும். மறுபக்கம் முத்துமாரி தனியாக, மடியில் ஒரு துணிப்பை. முதலில் அவளைத்தான் கேள்வி கேட்டார்கள்.

"பத்தாவது படிச்சிருக்கீங்க. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு தெரியாதா?" என்றார் எதிர்த் தரப்பு வக்கீல்.

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் போட்டேன்னு சொன்னா யார் நம்புவாங்க?"

அவள் துணிப்பையின் காதைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அடுத்துத் தேவானந்தத்தைக் கூப்பிட்டார்கள். அவர் கொடுத்ததாக இருந்த வாக்குமூலத்தைத் தமிழில் உரக்கப் படித்தார்கள். குமாஸ்தாவாகிய நான், என் வக்கீலுக்குத் தெரியாமல், நானே சமரச மனுவைத் தயாரித்து, படித்துக் காட்டாமல் மனுதாரரிடம் கையெழுத்து வாங்கினேன். மனுதாரர் சம்மதித்துவிட்டதாக என் வக்கீலிடம் பொய் சொன்னேன். இதற்காக கம்பெனி ஆட்களிடம் ஆதாயம் பெற்றேன். என் வக்கீலுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தேவானந்தம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். வேறு யாரோ ஒரு அயோக்கியனைப் பற்றிப் படிக்கிற மாதிரிதான் முதலில் இருந்தது. கடைசியில் தன் பெயர் வந்தபோதுதான் உறைத்தது. வேலாயுதத்தைப் பார்த்தார். வேலாயுதம் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?" என்றார் அந்த வக்கீல்.

"ஆமாங்க."

மறுபடியும் அதே மாதிரி கேள்வி, அதே மாதிரி பதில். எழுத்துப் பிசகாத உண்மை. நடுவில் இருந்த தலைவர் குறித்துக்கொண்டு முத்துமாரி பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வக்கீல் இல்லை. இவரிடம் நீங்களே கேள்வி கேட்கலாம். ஏதாவது கேட்கணுமா?"

அவள் எழுந்தாள். இந்த மனுஷரா பணம் வாங்கிக்கொண்டு நம்மை விற்றார் என்று அவள் நினைப்பதற்கு எல்லா நியாயமும் இருந்தது. கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணா, நீங்க கையெழுத்து போடும்போது இந்தப் பேப்பர்ல எழுத்து இருந்துச்சா?"

தேவானந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இல்லம்மா. வெறும் பேப்பர்ல போட்டேன். உன் பேப்பரும் வெறும் பேப்பர்தான், நான்தான் வாங்கினேன். சார் கேட்டார், எடுத்துக் குடுத்தேன். யார்கிட்டயும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கல."

எதிர்த் தரப்பு வக்கீல் சிரித்தேவிட்டார். "முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் இருக்கிற குமாஸ்தா வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டாராம். யார் நம்புவாங்க?"

"நான் நம்பறேன் சார்," என்றாள் முத்துமாரி.

தலைவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முந்தைய வாக்குமூலம் தன்னுடையதல்ல என்றால், நடந்தது அத்தனையையும் தேவானந்தமே எழுதி அடுத்த தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று சொல்லித் தள்ளிவைத்தார். வெளியே தாழ்வாரத்தில் தேவானந்தம் கையைக் கூப்பிக்கொண்டு அவள் பக்கத்தில் போனார்.

"உங்கள மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க," என்றாள் அவள். "நீங்க சொன்னது நெஜம். நெஜம்னு சொன்னேன், அவ்ளோதான்."

திரும்பும் ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. அரக்கோணத்தில் கூட்டம் இறங்கியதும் இரண்டு பேருக்கும் எதிரெதிரே இடம் கிடைத்தது. சோளிங்கர் தாண்டிற்று. பிறகு, யாரும் கேட்காமலே, தேவானந்தம் அந்தச் சனிக்கிழமையைச் சொன்னார். நீதிபதி கேட்டது, தான் ஆமாங்க ஐயா என்றது, எல்லாம். அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தை, வெறும் பேப்பர்ங்க ஐயா என்று சொல்லியிருந்தால், அந்த நீதிபதி கட்டைத் தூக்கி எறிந்திருப்பார் என்பதையும் சொன்னார்.

"இத ஏன் உள்ள சொல்லல?" என்றாள்.

"யாரும் கேக்கலம்மா."

"அவங்க கேக்கல. நான் கேட்டனே, மூணு மாசம் போன்ல."

காட்பாடி வந்தது. அவர் இறங்கினார். அவள் ஆம்பூர் போக வேண்டும், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு தேவானந்தம் அந்த ஆபீசுக்குப் போகவில்லை. போகவும் முடியாது. பீரோ சாவியை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பினார். குமாஸ்தா சங்கத்தில் அவருடைய அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள், அதையும் கொடுத்தார். கோர்ட் டீக்கடையில் அவரைப் பார்த்தால் முன்பு நகர்ந்து இடம் கொடுத்தவர்கள் இப்போது பேச்சை நிறுத்துகிறார்கள். வக்கீலைக் காட்டிக்கொடுத்தவன் என்று ஒரு கட்சி, கட்சிக்காரியை விற்றவன் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சிக்கும் அவர் பதில் சொல்வதில்லை. ஜெபகனி மட்டும் ஒரு நாள், "எழுதறத மொத்தமா எழுதிடுங்க, மிச்சம் வெக்காதீங்க," என்றாள்.

மொத்தமாக எழுதினார். டைப் அடிக்கவில்லை. தன் கையால், மூன்று பச்சைத் தாளில், நீதிபதிக்குச் சொன்ன பதிலும் போனில் சொன்ன மூன்று பொய்யும் உட்பட. கடைசி வரிக்கு ஒட்டினாற்போலக் கையெழுத்துப் போட்டு, கீழே மீந்த வெற்றிடத்தில் யாரும் ஒரு வார்த்தை சேர்க்க முடியாதபடி குறுக்கே ஒரு கோடு இழுத்தார். குமாஸ்தா வேலைக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொண்ட காரியம் அது.

தாக்கல் செய்வதற்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மாதனூர் போனார். முத்துமாரி வேலை செய்கிற யூனிட் ஒரு தகரக் கொட்டகை. டீ இடைவேளையில் வெளியே வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு தாள்களை வாங்கி, வாசலிலேயே நின்று, ஒரு வரி விடாமல் படித்தாள். நீதிபதி கேட்ட இடத்தை இரண்டு தரம் படித்தாள். கேண்டீன் போர்டில் எழுதியது எழுதியபடிதான் இருந்தது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த கேஸை உடைக்க ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும், அதற்கு எத்தனை வருடமோ. இந்தத் தாள்களால் அந்தக் கம்பெனி பஸ்ஸில் அவள் ஏறிவிடப் போவதில்லை என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நான் இதுல எங்கனா கையெழுத்து போடணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. நீ படிச்சா போதும்."

அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"அன்னிக்கே இப்படி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தேவானந்தம் மிஷின் சத்தம் திரும்ப ஆரம்பிக்கும் வரை அங்கேயே நின்றிருந்துவிட்டு, தாள்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.